மஞ்சள் பெயிண்ட் மேல் ஓர் ஊர்

கோடை லீவில் நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப் மியூசியத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் படம் வரையவும் களிமண்ணில் பொம்மை செய்யவும் சொல்லித்தர ஆள் வேண்டும் என்றார்கள். நான் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். கத்திரி வெயிலில் எனக்கு மட்டும் ஏன் இந்தத் தலையெழுத்து என்று வீட்டில் கத்தித் தீர்த்துவிட்டுத்தான் போனேன். நைட் ஷிப்ட் முடித்துப் படுத்திருந்த என் வீட்டுக்காரர் தலையணையை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

பிள்ளைகள் கான்ட்ராக்ட் வேலைக்காரர்கள் வீட்டிலிருந்தும் சுரங்கத்தை ஒட்டிய ஊர்களிலிருந்தும் வேனில் வந்தார்கள். எதையும் தொடக்கூடாது என்று வாசலிலேயே சொல்லிவிட்டதால், பாவம், கையைப் பின்னால் கட்டிக்கொண்டே நடந்தார்கள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. தொடாமல் என்னத்தைக் கற்றுக்கொள்வது?

நடு ஹாலில் ஒரு பெரிய மேசை மேல் சுரங்கத்தின் மாதிரி இருந்தது. சுவிட்சைப் போட்டால் மண் வெட்டும் இயந்திரத்தின் குட்டிச் சக்கரம் சுற்றும். மற்றதுகள் சக்கரத்தைப் பார்த்துக் கைதட்ட, மூன்றாவதோ நான்காவதோ படிக்கிற ஒரு சிறுமி மட்டும் என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

“டீச்சர், இதுல எங்க ஊரு எங்கங்க?”

ஊர்ப் பெயரைக் கேட்டுவிட்டுத் தேடினேன். கிடைக்கவில்லை. ஹாலைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரைக் கூப்பிட்டேன்.

“அது அடுத்து வெட்டப் போற எடம் டீச்சரம்மா. மஞ்சப் பெயிண்ட் அடிச்சிருக்குது பாருங்க, அதான்” என்றார். மனுஷனுக்குக் குரலைத் தாழ்த்தவாவது தெரிய வேண்டாமா!

மறுநாள் களிமண். சுரங்கத்தில் கரிக்கு மேலே கிடைக்கிற வெள்ளைக் களிமண்தான், கொழுக்கட்டை மாவு மாதிரி வழவழவென்று இருக்கும். எல்லோரும் யானை, பிள்ளையார் என்று பிசைந்துகொண்டிருக்க, அவள் சின்னச் சின்ன வீடுகளாகச் செய்து அடுக்கினாள். அடுத்தடுத்த நாட்களிலும் அதே வேலை. மாரியம்மன் கோவில், மோட்டார் கொட்டகை, முந்திரி மரங்கள். ஒரு வீட்டை மட்டும் கூரை ஒருபக்கம் சரிந்தாற்போல் செய்திருந்தாள்.

“ஏண்டி, அதை நேராத்தான் வையேன்.”

“எங்க வூடு அப்பிடித்தான் டீச்சர் சாஞ்சிக்கினு இருக்கும்.”

எனக்கு ஒரே பெருமை. கடைசி நாள் நிகழ்ச்சியில் இதைத்தான் முன்னால் வைப்பது என்று முடிவு செய்துவிட்டேன். அன்று காலை வந்ததும் அவள் கேட்டாள், “டீச்சர், இத அந்த மஞ்சப் பெயிண்ட் மேல வச்சிடலாங்களா?”

“அங்கே எதுக்கு?”

“ஆபீசருங்க மேப்பப் பாத்துதான் வெட்டச் சொல்லுவாங்களாம். எங்கப்பா மைன்ஸ்ல கான்ட்ராக்ட்டு, அவுரு சொன்னாரு. இதுல ஊரு இருக்குதுன்னு தெரிஞ்சா வெட்டமாட்டாங்க இல்ல?”

நான் குடியிருக்கும் குவார்ட்டர்ஸ், வீட்டுக்காரரின் பர்மனென்ட் வேலை, தலைக்கு மேல் ஓடும் ஃபேன், எல்லாமே அந்தக் கரியில்தான். பெரியவரைப் பார்த்தேன். “வச்சிக்கட்டும்மா, சாயங்காலம் நானே பத்திரமா எடுத்துடறேன்” என்று இந்தமுறை மெதுவாகச் சொன்னார்.

பரிசு கொடுக்க வந்த அதிகாரி நல்ல மனிதர். குனிந்து ஒவ்வொரு வீடாகப் பார்த்தார். “அடேயப்பா, யார் செஞ்சது இது?”

“நானுங்க சார். எங்க ஊருங்க.”

ஊர்ப் பெயரைக் கேட்டார். சொன்னாள். அவர் கை மேசை விளிம்பிலேயே நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். “ரொம்ப நல்லா இருக்கும்மா. நல்லா படிக்கணும், என்ன?” என்று அவள் தலையைத் தடவிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். திட்டலாம் என்றால் அந்த ஆளைத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை.

நிகழ்ச்சிக்கு அவளுடைய அம்மாவும் வந்திருந்தாள். வேனுக்காகக் காத்திருந்த அவளிடம் இவள் ஒரே ஓட்டமாய் ஓடினாள். “எம்மா, ஆபீசரு பாத்துட்டாரும்மா! நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டாரு! நம்ம ஊர வெட்டமாட்டாங்க!”

சின்னப் பிள்ளை பேச்சு, அம்மா சிரித்துத் தட்டிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்துவிட்டுக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள்.

“மெய்யாலுமேங்களா டீச்சர்? எப்பிடியும் இடிக்கப் போறாங்களேன்னுட்டு நாலஞ்சு மழைக்காலமா கூரையத் தொடாம ஒழுவ ஒழுவப் படுத்துக்கினு கிடக்கறமுங்க. ஆபீசரே சொல்லிட்டாருன்னா, இந்த வருசம் கூரைய மாத்திப்புடலாங்களா?”

டிரைவர் ஹாரன் அடித்தார். அவள் நகரவில்லை. நான் சொன்னால் சரி என்று என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.