இடைவேளைக்குப் பிறகு அத்தை சொன்ன கதை

நெல்லித்தோப்பில் இப்போது அடுக்குமாடி வீடுகள் நிற்கும் இடத்தில்தான் எங்கள் சினிமாக் கொட்டகை இருந்தது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவில் இடுப்புயரச் சுவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து சாப்பிட்டுவிட்டு மேட்னிக்குப் போனோம். சுவருக்கு இந்தப் பக்கம் நானும் அத்தையும். அந்தப் பக்கம் அப்பா.

அத்தை அப்பாவின் தங்கை. அடுத்த ஞாயிறு அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. ஆனால் ஒரு வாரமாக அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. "குழம்பு வேணுமான்னு உங்கப்பாவ கேளு" என்று எல்லாம் என் வழியாகத்தான் நடந்தது.

அந்தப் படத்துக்கு ஊரில் ஒரே படப்பெட்டிதான். முதலியார்பேட்டைக் கொட்டகையில் ஓடி முடிந்த ரீல் சைக்கிளில் எங்களுக்கு வரும். அன்று இடைவேளை முடிந்தும் சைக்கிள் வரவில்லை. வழியில் பஞ்சராம். விசில் கூரையைப் பிய்த்தது.

பக்கத்து அம்மாள், "படத்துல அந்தப் பொண்ணு இன்னா ஆவுது?" என்று கேட்டாள். தோழிகளோடு ஏற்கெனவே படத்தைப் பார்த்திருந்த அத்தை மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள். "சத்தமா சொல்லும்மா" என்றது ஆண்கள் பக்கம். அத்தை பெஞ்சின் மேல் ஏறி நின்றாள்.

கதாநாயகி, "எனக்குக் கல்யாணம் இப்ப வாணாம், நர்சுக்குப் படிக்கணும்" என்கிறாளாம். அண்ணன் முறைக்கிறானாம். கடைசியில் அவனே அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வருகிறானாம். அந்த இடத்தில் அத்தை சுவருக்கு அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். கொட்டகையே கைதட்டியது. அப்பா மட்டும் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ரீல் வந்தது. திரையில் கதாநாயகி மாலையும் கழுத்துமாக நின்றாள். "அந்தப் பொண்ணு சொன்னதுதான்யா நல்லா இருந்துச்சு" என்று ஒருவர் முனக, எல்லோரும் சிரித்தார்கள். அத்தை பொய் சொல்லிவிட்டாளே என்று எனக்கு அவமானமாக இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது அப்பா மூன்று பன்னீர் சோடா வாங்கினார். ஒன்றை நேராக அத்தையிடமே நீட்டினார்.

"எத்தினி வருஷம் படிப்பு?"

"மூணு வருஷம்ண்ணா."

"ஆஸ்டல்ல சோறு நல்லா போடுவாங்களா?"

"படத்துல அவ படிக்கவே போவலியேப்பா" என்று நான் திருத்தினேன். இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். அத்தை சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

அடுத்த ஞாயிறு பெண் பார்க்க யாரும் வரவில்லை. அப்பாவும் அத்தையும் தகரப் பெட்டி வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார்கள். சினிமாப் பேச்சு எப்படிப் பெட்டி வாங்குவதில் போய் முடிந்தது என்று எனக்கு விளங்கவில்லை. சொஜ்ஜி கிடைக்காமல் போன வருத்தம் மட்டும் வெகுநாள் இருந்தது.