இருட்டிலும் ஓடிய வண்டி

அமலராணி எதையும் முதல் தடவையிலேயே நம்பிவிடுகிறவள் அல்ல. பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். "பூட்டே களைச்சுப்போகும்" என்று கணவர் பேனாட் பகிடி பண்ணுவார். மன்னாரில் பிறந்து, கலியாணம் முடித்து டென்மார்க் வந்தவள். அங்கே ஹோர்சன்ஸ் நகரில் ஒரு பெரிய களஞ்சியத்தில் பன்னிரண்டு வருடம் பெட்டி அடுக்கினாள். தோள்மூட்டு பழுதான பிறகு புரோகிராமிங் படித்து, நாற்பத்தாறு வயதில் அதே கட்டடத்தின் மேல்மாடியில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அங்கே அவளும், கூட வேலை செய்த இளைஞன் சுபாங்கனும், சாரதி இல்லாமல் களஞ்சியத்துக்குள் ஓடும் வண்டிக்குப் புரோகிராம் எழுதினார்கள். உண்மையான வண்டி இன்னும் வரவில்லை. கணினிக்குள் வரைந்த களஞ்சியத்தில், கணினிக்குள் வரைந்த சிறு வண்டி, ரோவர் ஒன்றுதான் ஓடியது. அதன் கமராப் படத்தில் வெளிறிய தரை எது, இருண்ட அடுக்குத் தட்டும் பெட்டியும் எது என்று பிரித்து, வழி தெரியும் பக்கம் அதைத் திருப்ப வேண்டும்.

மே மாதத்தில் சுபாங்கன் புரோகிராமைத் திருத்தி எழுதினான். ஐம்பது ஓட்டம், ஒரு மோதல்கூட இல்லை. மேலாளர் பிர்கித் கேக் வாங்கி வந்தார். அடுத்த மாதமே உண்மையான வண்டியைக் கீழ்த்தளத்தில் ஓடவிடலாம் என்றார்.

அமலராணிக்குக் கேக் இறங்கவில்லை. போன கிழமைவரை பத்துக்கு நாலு தரம் தட்டில் முட்டிய ரோவர் அது. பதிவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். ஒரு மூலையில், தட்டுக்குப் பின்னால் இருந்த பெட்டி கமராவில் தெரியும் முன்பே ரோவர் இடப்பக்கம் ஒதுங்கியது. காணாத பெட்டிக்கு எப்படி ஒதுங்கும்?

சுபாங்கன் குழுத் தலைவர் பதவிக்கு விண்ணப்பித்திருந்தான். அதற்காக ஏதும் செய்துவிட்டானோ? தான் கிட்டப் போனால் மடிக்கணினியை மூடுகிறான் என்றும் அவளுக்குப் பட்டது. இரண்டு நாள் அந்தச் சந்தேகத்தோடேயே வேலை செய்தாள். மூன்றாம் நாள் காலையில் வேளைக்கே வந்து, கமராப் படங்களை எல்லாம் வெறும் கறுப்பாக மாற்றி ஓடவிட்டாள். கண் இல்லாத வண்டி நிற்க வேண்டும். அது ஒரு வளைவும் தவறாமல் சுற்றி வந்தது.

இதே புரோகிராமோடுதான் அடுத்த மாதம் உண்மையான வண்டி ஓடப்போகிறது. கீழ்த்தளத்தில், அவளோடு பெட்டி அடுக்கிய மேரிசெலின் இன்னும் நடந்து திரிகிறாள்.

சுபாங்கன் வந்ததும் கேட்டாள்: "தம்பி, கமரா இல்லாமலும் வண்டி ஓடுது. என்ன செய்து வச்சிருக்கிறீங்கள்?"

"நான் சுத்துமாத்துச் செய்தனான் எண்டுறீங்களோ அக்கா?"

"அப்பிடிச் சொல்லேல்லை."

"முகம் சொல்லுதே. வாங்கோ, வரி வரியாப் பாப்பம்."

மத்தியானத்துக்குள் அகப்பட்டது. ரோவர் போகப் போகத் தானே ஒரு வரைபடம் கீறும். அது சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்க, களஞ்சியத்தின் முழு வரைபடமும் உள்ளே ஏற்றப்பட்டிருந்தது. சுபாங்கன் எழுதிய, வழி தெரிவு செய்யும் புதுப் பகுதி கமராவை விட்டுவிட்டு அந்த முழு வரைபடத்தைத்தான் வாசித்துக்கொண்டிருந்தது. அதை ஏற்றிய வரிக்குப் பக்கத்தில், எழுதியவர் பெயர்: அமலராணி. மார்ச் மாதம்.

"நான்தான்," என்றாள். "சரி பாக்கவெண்டு போட்டுட்டு எடுக்க மறந்துபோனன். ரெண்டு நாளா உங்களைப் பிழையா நினைச்சிட்டன், தம்பி."

"ரெண்டு நாளா நினைச்சிருக்கிறீங்கள். என்னட்ட ஒரு சொல் கேட்டிருக்கலாமே?"

"ஓம். கேட்டிருக்கலாம்."

அந்த வரியை எடுத்துவிட்டு ஓட்டினார்கள். ஐம்பது ஓட்டத்தில் இருபத்தொன்பதுதான் மோதாமல் தப்பியது. அவளே போய் பிர்கித்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். உண்மையான வண்டியின் சோதனை இலையுதிர்காலத்துக்குத் தள்ளிப்போனது. சுபாங்கன் இரண்டு கிழமை அவளோடு டேனிஷில் மட்டுமே கதைத்தான். பிறகு மெல்ல மெல்லத் தமிழுக்கு வந்தான்.

இருவரும் புரோகிராமைத் திருத்தி முடித்த பிறகு, ஒக்டோபரில் உண்மையான வண்டி வந்தது. அதன் பாதையில் முதலில் தான்தான் நிற்பேன் என்று அமலராணி பிடிவாதம் பிடித்தாள். நிறுத்தும் பொத்தானில் சுபாங்கனின் விரல் இருந்தது.

"பயமா அக்கா?"

"ஓம். விடுங்கோ."

வண்டி வந்தது. ஒரு முழத் தூரத்தில் நின்றது. சற்றுப் பொறுத்து வலப்பக்கமாக விலகிப் போனது.

"இன்னொருக்கா," என்றாள் அமலராணி.