ரமணியின் மூன்று கோடுகள்

தோள்பட்டைக் கோடுகளை உருவி வைத்துவிட்டுத்தான் ரமணி சட்டைக்கு இஸ்திரி போடுவாள். வெள்ளைச் சட்டை, இடது கை முதலில். அந்தக் கனமான இஸ்திரிப் பெட்டி என் கணவருடையது. அவர் போன பிறகு நான் அதைத் தொடுவதில்லை. எதிர்வீட்டு ரமணி கேட்டால் மட்டும் என் வீட்டிலேயே போட்டுக்கொள்ளச் சொல்வேன்.

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் மாடியில் அவள் ஒருத்திதான் விமானி. சரக்கு விமானத்தில் துணை விமானி. 'ஸ்டாண்ட்பை' நாளில் கம்பெனி எந்நேரமும் கூப்பிடலாம். அன்று பயணப் பை வாசலிலேயே நிற்கும். ரொட்டி சானாயைக் கறிக்குழம்பு தொடாமல் வெறுமனே கிழித்துத் தின்பாள். "வெள்ளச் சட்டையில ஒரு சொட்டு விழுந்தா முடிஞ்சிச்சி லா, ஆன்டி." வானத்தில் சத்தம் கேட்டால் அண்ணாந்து பாராமலே, நேரத்தை வைத்தே எந்த விமானம் என்று சொல்வாள். பாதி தப்பு. "அவன் லேட்டா வந்தா நான் என்ன செய்ய?" என்பாள்.

அடுத்த வாரம் அவளுக்குக் கேப்டன் தேர்வு. தேறினால் மூன்று கோடு நான்காகும். அவசரக்காரி, நான்கு கோட்டை முன்னாலேயே வாங்கிவிட்டாள். விமானிகளிடையே அது ராசியில்லாத காரியமாம்.

செவ்வாய் ஸ்டாண்ட்பை நாள்; மதியம் என் வீட்டில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது அவளுக்கு ஃபோன் வந்தது. கை இரண்டும் சட்டையில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். விமானிகளுக்கு வேலை ஒதுக்கும் கிஷன்.

"அக்கா, சாயங்காலம் கூச்சிங்குக்கு ஒரு ஃப்ளைட்டு இருக்கு."

"யாரு ஃப்ளைட்டு?"

தயங்கித் தயங்கிச் சொன்னான். வேறொரு சரக்குக் கம்பெனி. போதிய ஓய்வு கேட்டு அதன் விமானிகள் வேலையை நிறுத்தியிருந்தார்கள். அவர்கள் ஓட்டாத விமானங்களை ஓட்டித்தர ரமணியின் கம்பெனி ஒப்புக்கொண்டிருந்தது.

"அது அவங்க நிப்பாட்டின வேல, தம்பி. நான் தொடமாட்டேன்."

"என்னையப் போட்டு ஏசுவாங்க லா, அக்கா."

"ஏசுறவரக் குடு."

தலைமை விமானி ஜெயராஜ் பேசினார். "ரமணி, எந்தக் கம்பெனி தூக்கிட்டுப் போவுதுன்னு பார்சலுக்குத் தெரியுமா?"

"பார்சலுக்குத் தெரியாது, கேப்டன். எனக்குத் தெரியும். முந்தி நாம வேலைய நிறுத்தி வெளிய உக்காந்தப்ப, அவங்க ஒருத்தர்கூட நம்ம ஃப்ளைட்ட எடுக்கல. நீங்களும்தான் பக்கத்துல இருந்தீங்க, கொடையப் புடிச்சிக்கிட்டு."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "அடுத்த வாரத் தேர்வுல உங்க பேரு இருக்காது."

ரமணி சட்டைக் காலரில் பெட்டியை ஒருமுறை இழுத்தாள்.

"சரி, கேப்டன். நம்ம ஃப்ளைட்டு எதுன்னாலும் கூப்புடுங்க. நான் இன்னும் ஸ்டாண்ட்பைலதான் இருக்கேன்."

நான்தான் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தேன். ரமணி மேசையில் கிடந்த மூன்று கோடுகளை எடுத்துச் சட்டையின் தோளில் செருகினாள். கட்டைவிரலால் நீவி நேராக்கினாள். அணிந்துகொண்டு கழுத்துப் பொத்தான்வரை போட்டாள். பிறகு தன் வாசலில் நின்ற பயணப் பைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு, ஃபோனை மடியில் வைத்து, முதுகு சாயாமல் உட்கார்ந்தாள்.