உடைய வேண்டிய துண்டு

மைதீன் பாத்திமாவின் பட்டறை பேட்டையில் இருக்கிறது. தகரக் கூரை போட்ட நீளமான ஓர் அறை. வெளியே பெயர்ப்பலகை கிடையாது. ஆனாலும் திருநெல்வேலியில் கியர் சைக்கிள் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் வழி சொல்லிவிடுவார்கள். அவள் அங்கே செய்வது ஒரே ஒரு சாமான்: பின்சக்கரத்துப் பக்கம் கியரை ஃபிரேமோடு பிடித்துத் தொங்கவிடும் விரல் நீள அலுமினியத் துண்டு. ஹேங்கர் என்பார்கள். சைக்கிள் கீழே விழுந்தால் முதலில் வளைவதோ உடைவதோ அதுதான். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒவ்வொரு வடிவம் என்பதால் ஒன்றுக்கு மற்றது சேராது.

அவள் மேலப்பாளையத்தில் பிறந்தவள். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தபோது வகுப்பில் பெண்கள் இரண்டே பேர். கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் ஆறு வருஷம் வேலை பார்த்தாள். பிறகு காயல்பட்டினத்து முகம்மது இப்ராஹிமைக் கட்டிக்கொண்டாள். அவர் ஷார்ஜாவில் வேலையாக இருந்தார். "நீ வீட்டுல சும்மா இருந்தா போன்லயே என்னைய ஒரு வழி பண்ணிருவே, பட்டறைய போடு" என்று சொன்னவர் அவர்தான். முதலில் பம்புக்கு வேண்டிய சில்லறைச் சாமான்கள்தான் செய்துகொண்டிருந்தாள். ஒருநாள் அம்பலவாணன் என்ற கண் டாக்டர் உடைந்த ஹேங்கரைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்துக்கொண்டு வந்தார். புதிதாக வரவழைக்க மூன்று வாரம் ஆகுமாம். பாத்திமா அதை ஒட்டவைத்து அளந்து மத்தியானத்துக்குள் ஒன்று செய்து கொடுத்தாள். டாக்டர் தன் கூட்டாளிகளை எல்லாம் அனுப்பினார். ஏழு வருஷத்தில் பம்புச் சாமான்கள் பட்டறையை விட்டே போய்விட்டன.

அவளுக்கு வருஷத்தில் முக்கியமான காலம் ஐப்பசியும் கார்த்திகையும்தான். கார் நெல் அறுப்பு முடிந்து, அடுத்த போகமான பிசானத்துக்கு இன்னும் உழாமல் கிடக்கிற வயல்களில் சைக்கிள் பந்தயம் நடக்கும். ஓட்டுகிறவர்கள் அதைச் சைக்ளோகிராஸ் என்பார்கள். வேடிக்கை பார்க்க வருகிற ஊர்க்காரர்களுக்கு அது சேத்துப் பந்தயம். கயிறு கட்டிய பாதையில் ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றி ஓட்ட வேண்டும். குறுக்கே பலகையோ வாய்க்கால் கரையோ வந்தால் குதித்திறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டு ஓடி, அந்தப் பக்கம் போய் ஏறிக்கொள்ள வேண்டும். பழுது பார்க்கப் பாதையோரம் ஓர் இடம் ஒதுக்கியிருப்பார்கள். அதற்கு வெளியே வேறு யாராவது சைக்கிளைத் தொட்டுவிட்டால் ஓட்டுகிறவர் விலகிவிட வேண்டியதுதான். அந்த இடத்தில் மேசை போட்டு, வாளியும் பிரஷ்ஷும் ஹேங்கர் பெட்டியுமாகப் பாத்திமாவும் அவள் பட்டறையின் மெஷின்காரர் பெருமாள்ராஜும் நிற்பார்கள். ஐந்து ஞாயிறு, ஐந்து ஊர்.

சென்ற வருஷம் இரண்டாவது பந்தயத்தில் பதினொரு ஹேங்கர் உடைந்துபோயின. வைக்கோலும் சேறும் கியரில் சுற்றி இழுத்துவிட்டன. பெண்கள் பந்தயத்தில் முன்னால் போய்க்கொண்டிருந்த கலையரசி, முக்கூடல் பள்ளிக்கூடத்தின் விளையாட்டு டீச்சர், கடைசிச் சுற்றில் சைக்கிளைச் சுமந்துகொண்டு நடந்தே வந்தாள்.

"அக்கா, கொஞ்சம் கெட்டியா செஞ்சு தரக்கூடாதா? ஒவ்வொரு வாட்டியும் இதாலதான் போவுது" என்றாள்.

மற்றவர்களும் அதையே சொன்னார்கள். பாத்திமா அந்த வாரமே இன்னும் கடினமான உலோகம் வரவழைத்து, கழுத்துப் பகுதியின் கனத்தை ஒரு மில்லிமீட்டர் கூட்டி, முப்பத்தொரு ஹேங்கர் செய்து கொடுத்தாள். மூன்றாவது பந்தயத்தில் ஒன்றுகூட உடையவில்லை. ஆளாளுக்கு வந்து கை கொடுத்தார்கள். அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

நான்காவது பந்தயத்தில் கலையரசி விழுந்தாள். சரிவில் வேகமாக இறங்கும்போது பின்சக்கரம் திடீரென்று பூட்டிக்கொண்டது. கைப்பிடிக்கு மேலாகத் தூக்கி எறியப்பட்டாள். மோவாயில் மூன்று தையல். தோளில் நல்ல அடி, எலும்புக்கு ஒன்றுமில்லை. அவளை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, பாத்திமா சைக்கிளை வேனில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்தாள்.

சேற்றைக் கழுவியதும் நடந்தது என்னவென்று தெரிந்துவிட்டது. வைக்கோல் சுற்றிக் கியரை இழுத்திருக்கிறது. ஹேங்கர் அசையவில்லை. அதைப் பிடித்திருந்த ஃபிரேமின் காது கிழிந்து, கியர் மொத்தமும் சக்கரக் கம்பிகளுக்குள் போய்ச் சிக்கியிருக்கிறது.

பெருமாள்ராஜ் ஹேங்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்ம சாமானுக்கு ஒரு கீறல் இல்லம்மா. ஃபிரேம்தான் மட்டம்."

"ஃபிரேம் நல்ல ஃபிரேம்தான் அண்ணாச்சி. நம்ம சாமான் உடைஞ்சிருக்கணும். அது உடைஞ்சிருந்தா இந்தப் பிள்ள விழுந்திருக்காது."

இது அவளுக்குத் தெரியாத விஷயமில்லை. ஹேங்கர் எதற்கு மிருதுவான உலோகத்தில் செய்யப்படுகிறது என்று எத்தனையோ பேருக்கு அவளே விளக்கியிருக்கிறாள். கேட்டார்கள், கொடுத்துவிட்டாள். இன்னும் முப்பது பேர் அதை மாட்டிக்கொண்டு ஓட்டுகிறார்கள். அடுத்த ஞாயிறு கடைசிப் பந்தயம்.

அன்று சாயங்காலமே ஓட்டுகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுத உட்கார்ந்தாள். பெருமாள்ராஜ் பக்கத்தில் நின்றார்.

"எல்லாத்துக்கும் தெரியுத மாதிரி போடணுமா? ஒவ்வொருத்தரா கூப்பிட்டு மாத்திக் குடுத்துருவோமே. பேரு கெட்டுப்போவும்லா."

"கூப்பிட்டு முடிக்கதுக்குள்ள ஒருத்தன் விழுந்துட்டாம்னா?"

மூன்று தடவை எழுதி அழித்தாள். கடைசியில் சுருக்கமாகப் போட்டாள்: 'நான் கொடுத்த கெட்டி ஹேங்கர் தவறு. கலையரசி விழுந்தது அதனால்தான். யாரும் அதில் ஓட்ட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லாருக்கும் பழைய மாதிரி செய்து மாற்றித் தருகிறேன். மன்னிக்கவும்.'

பிறகு அம்பலவாணன் டாக்டர் போன் செய்தார். "ஒரே ஒரு ஆளுக்குத்தானே ஆச்சு. என்னுது நல்லாத்தான் இருக்கு, நான் மாத்தல." அவரிடம் பாத்திமா அரை மணி நேரம் பேச வேண்டியிருந்தது. கடைசியில் சரி என்றார்.

திங்கட்கிழமை முக்கூடலுக்குப் போனாள். கலையரசி மோவாயில் கட்டோடு கதவைத் திறந்தாள்.

"மெசேஜ் பாத்தேன்க்கா. நான்தான கெட்டியா கேட்டேன்."

"நீ கேப்ப. செய்யுதவ நானுல்லா. நான் முடியாதுன்னு சொல்லிருக்கணும்."

கலையரசி சிரிக்கப் பார்த்தாள், தையல் இழுத்தது. ஃபிரேமைக் கோயம்புத்தூருக்கு அனுப்பிப் பற்றவைத்துத் தருவதாகப் பாத்திமா சொன்னாள். "ஞாயித்துக்கிழம ஓட்டத்தான் முடியாது. உங்க கூட நின்னு சைக்கிள் கழுவுதேன்" என்றாள் கலையரசி. பாத்திமா அதை எதிர்பார்க்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது தலைத்துணியால் இரண்டு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமைக்குள் முப்பதும் செய்து முடித்தார்கள். சிலர் நேரில் வந்து மாற்றிக்கொண்டார்கள். சிலருக்குப் பெருமாள்ராஜ் வீடு தேடிப் போய் மாட்டிவிட்டார். சனிக்கிழமை மேசைமேல் இருபத்தொன்பது கெட்டி ஹேங்கர்கள் கிடந்தன. ஒன்று குறைந்தது. அது சாத்தான்குளத்து மகேஷினுடையது.

மகேஷ் மின்வாரியத்தில் லைன்மேன். அவனுக்கு அனுப்பிய செய்தி போய்ச் சேரவே இல்லை. வீட்டு எண்ணைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டாள். அவன் மனைவி தேன்மொழி எடுத்தாள்.

"காத்துல கம்பமெல்லாம் சாஞ்சிட்டுன்னு உடன்குடி பக்கம் போயிருக்காவக்கா. நாலு நாளாச்சு. போன்ல சார்ஜ் இல்ல போல."

"சைக்கிள் வீட்டுலதான இருக்கு?"

"இல்லக்கா, அதையும் ஜீப்புல போட்டுட்டுத்தான் போனாவ. அங்கன இருந்தே நேரா பந்தயத்துக்கு வாராவளாம்."

ஞாயிறு காலை சேரன்மகாதேவியில் ஆற்றங்கரை ஒட்டிய வயலில் பந்தயம். பாத்திமா வரிசையில் நின்ற ஒவ்வொரு சைக்கிளையும் குனிந்து பார்த்தாள். மகேஷ் வரவில்லை. வராமலே இருந்தால் நல்லது என்று நினைத்தாள். கொடி இறங்கி எல்லாரும் கிளம்பின பிறகு ஒரு ஜீப் வந்து நின்றது. மகேஷ் காக்கிக் கால்சட்டையோடு குதித்து, எண் அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டே, கடைசி ஆளாகப் பாதையில் இறங்கிவிட்டான்.

பழுது பார்க்கும் இடத்தைக் கடந்தபோது பாத்திமாவும் கலையரசியும் கூப்பிட்டார்கள். உற்சாகப்படுத்துவதாக நினைத்து அவன் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான். அடுத்த சுற்றிலும் அப்படியே. மூன்றாவது சுற்றில் ஆறாவது ஆளாக வந்துகொண்டிருந்தான்.

பாத்திமா வாய்க்கால் கரைக்கு ஓடினாள். அங்கே எல்லாரும் சைக்கிளைச் சுமந்துதான் ஏற வேண்டும். மகேஷ் இறங்கிச் சைக்கிளைத் தோளில் போட்டதும், பர்தாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கயிற்றுக்கு இந்தப் பக்கமாக அவனோடு சேர்ந்து ஏறினாள். செருப்பு ஒன்று சேற்றிலேயே நின்றுவிட்டது.

"மகேஷு, அந்தக் கெட்டி ஹேங்கரக் கழத்தணும். நம்ம மேசப் பக்கம் வா."

"இப்பவாக்கா? ஆறாவதா வாரேன்."

"கலையரசி விழுந்தது அதாலதான். தப்பு என் மேலதான். சொன்னா கேளு, இப்பமே வா."

அவன் மேலே ஏறி, சைக்கிளை இறக்கி, ஒரே மிதியாக மிதித்துப் போய்விட்டான். பனைகள் மறைத்ததால் அவன் எந்தப் பக்கம் திரும்பினான் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒற்றைச் செருப்போடு திரும்பி ஓடினாள்.

வந்து பார்த்தால் அவன் சைக்கிள் தலைகீழாக நின்றது. பெருமாள்ராஜ் சக்கரத்தைக் கழற்றியிருந்தார். கலையரசி தண்ணீர் ஊற்றிச் சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தாள். மகேஷ் வாளிப் பக்கத்தில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

பாத்திமா திருகுகளைக் கழற்றி ஹேங்கரை எடுத்தாள். ஃபிரேமின் காதில், பெயிண்ட்டின் மேல் மயிரிழை போல ஒரு கோடு ஓடியது. நகத்தால் சுரண்டினாள். பெயிண்ட் செதிலாக உதிர்ந்தது. துடைத்துவிட்டு, கழுத்தில் தொங்கிய பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். அடியில் உலோகம் முழுசாக, வழவழவென்று இருந்தது.

"பெயிண்ட்தான்" என்றாள் பைய. "ஒண்ணும் இல்ல."

புதியதை மாட்டிச் சக்கரத்தைப் பூட்ட நான்கு நிமிஷம் ஆனது.

"எத்தன பேரு தாண்டிட்டாவ?" என்றான் மகேஷ்.

"எண்ணல. ஏறு."

அவன் போனதும் பாத்திமா ஒரு காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

சற்று நேரத்தில் அம்பலவாணன் டாக்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். தலைமுதல் கால்வரை சேறு. "பாத்தேளா பாத்திமா, ரெண்டு வாரமா உடையாதது இன்னைக்கு உடைஞ்சிட்டு" என்று குறைப்பட்டார்.

அவள் துண்டுகளை வாங்கிப் பார்த்தாள். கழுத்தில், உடைய வேண்டிய இடத்தில், சுத்தமாக முறிந்திருந்தது. ஃபிரேமில் ஒரு சேதமும் இல்லை.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள்.

டாக்டர் திகைத்துப்போய்க் கலையரசியைப் பார்த்தார். கலையரசி மோவாயைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அன்றைக்கு ஏழு ஹேங்கர் உடைந்தன. ஒவ்வொருவரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்கள். பாத்திமா ஒவ்வொன்றையும் வாங்கிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் புதியதை மாட்டி அனுப்பினாள். யாரும் விழுந்து அடிபடவில்லை. மகேஷ் பதின்மூன்றாவதாக வந்தான். வந்ததும் வைக்கோல் மேல் படுத்துத் தூங்கிப்போனான். நான்கு நாள் கம்பத்தில் ஏறி இறங்கிய உடம்பு. ஜீப்காரர்தான் வந்து எழுப்பினார்.

திரும்பும் வழியில் ரோட்டோரக் கடை ஒன்றில் பெருமாள்ராஜ் வேனை நிறுத்தினார். ஞாயிறு முதல் ஞாயிறு வரை ஒழுங்காகச் சாப்பிட்டதே இல்லை என்று பாத்திமாவுக்கு அங்கே உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. மூன்று புரோட்டா தின்றாள். ஷார்ஜாவிலிருந்து இப்ராஹிம் கூப்பிட்டார்.

"என்னாச்சு? எத்தன உடைஞ்சுது?"

"ஏழு."

"ஏழா? பெறவு ஏன் சந்தோஷமா பேசுத?"

"சாப்பிட்டுட்டு சொல்லுதேன்" என்றாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கடைக்காரரைப் பார்த்து இன்னும் கொஞ்சம் சால்னா ஊற்றச் சொன்னாள்.