அழுத்தித் திருப்பும் மூடி

“அழுத்து. அப்புறம் திருப்பு. ரெண்டையும் ஒண்ணாச் செய்யணும், இன்ஜினியரம்மா.”

அழுத்தினேன். திருப்பினேன். மூடி டிக் டிக் என்று சுற்றியதே தவிரத் திறக்கவில்லை. அப்பா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். பதினான்கு வருடமாக ஆய்வகத்தில் அளவுக் கருவிகளைச் சரிபார்த்துச் சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறவள் நான். ஒரு மாத்திரைக் குப்பியிடம் தோற்றுப்போனேன்.

“அந்த டிக் டிக் கேட்டா, உள்ள இருக்கறது பத்திரம்னு அர்த்தம். நீ இன்னும் குழந்தைதான்னு மூடி சொல்லுது.”

ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. படுக்கையறை ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தியிருந்தார். கட்டிலில் சலவை செய்த வெள்ளைத் துணி. அதன்மேல் ஏழு பழைய குப்பிகள், எட்டுப் புதுக் குப்பிகள். பழையவற்றின் மாத்திரைகளைப் புதியவற்றுக்கு மாற்ற வேண்டும். எட்டாவது பழைய குப்பி கீழ்த்தளத்துத் தையலக்கா வீட்டிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. நண்பகலுக்குள் ஏழையும் முடித்துவிட்டோம். நானும் அவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

அப்பா முப்பத்தொரு வருடம் ஒரு குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வையாளர். முதலில் வந்தது முதலில் போக வேண்டும், ஈரம் எதிரி, கதவைத் திறந்தால் உடனே மூடு. அவருடைய மதம் இவ்வளவுதான். ஓய்வு பெற்ற மறுவாரம் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். வெங்காயத்தைத் தேதிவாரியாக அடுக்கப் பார்த்தார். அம்மா கரண்டியைக் காட்டியதும் பின்வாங்கினார். ஆளே இளைத்துவிட்டார். ரத்தப் பரிசோதனை செய்த டாக்டர் வைட்டமின் டி எழுதிக் கொடுத்தார். அப்பாவுக்குக் கிடங்கு திரும்பக் கிடைத்துவிட்டது.

பத்து மாத்திரை அட்டையைச் சில்லறையாக வாங்குவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். ஒரே கட்டடத்தில் எட்டு வீடுகளில் டாக்டர் சொல்லி யாரோ ஏதோ ஒரு சத்து மாத்திரை சாப்பிடுவதைக் கண்டுபிடித்தார். எல்லாருக்கும் சேர்த்து ஐந்நூறு, ஆயிரம் என்று பெரிய டப்பாக்களாக வரவழைத்து, சின்னப் பழுப்புக் குப்பிகளில் பிரித்துக் கொடுக்க ஆரம்பித்தார். ‘கோடவுன் சார்’ என்ற பெயரும் வந்தது. சட்டம் ஒன்றே ஒன்று: டாக்டர் சீட்டு இல்லாமல் ஒரு மாத்திரைகூட வெளியே போகாது. நான்காம் மாடியில் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர் வந்து குழைந்தார்.

“சும்மா ஒரு தெம்புக்கு ரெண்டு குடுங்க சார்.”

“தெம்பு வேணும்னா லிஃப்ட விட்டுட்டுப் படியேறுங்க. அதுக்குச் சீட்டு வேணாம்.”

அவர் லிஃப்டில்தான் திரும்பிப் போனார். அப்பா அது நான்காம் மாடியில் நிற்கும்வரை வாசலில் நின்று கவனித்தார்.

மாத்திரைகளை எங்கே வைக்கக்கூடாது என்று அவரிடம் ஒரு பட்டியல் இருந்தது. சமையலறை கூடாது, ஆவி. குளியலறை கூடாது, கேட்கவே வேண்டாம். “ஃப்ரிட்ஜ் மேல வைக்கறவங்க அதோட முதுகத் தொட்டுப் பாக்கணும். அடுப்பு தோத்துப்போயிடும்.” டப்பாவைத் திறந்ததும் உள்ளே இருக்கும் பஞ்சை எடுத்து எறிந்துவிடுவார். “வண்டியில குலுங்கி உடையாம இருக்கத்தான் இந்தப் பஞ்சு. வீட்டுக்கு வந்தப்புறம் இவன் குடிகாரன். காத்துல இருக்கற ஈரத்தையெல்லாம் குடிச்சிட்டு மாத்திரை மேல சாஞ்சுக்குவான்.”

வீட்டில் இருட்டும் குளிர்ச்சியும் வறட்சியும் சேர்ந்த ஒரே இடம் அம்மாவின் துணி அலமாரி. ஐந்து தட்டுகளில் நான்கு போய்விட்டன.

“நான் ஒரு மாத்திரையாப் பொறந்திருக்கலாம்,” என்பாள் அம்மா. “வெயில் படாம, ஈரம் படாம, வேளாவேளைக்கு வந்து பாத்திருப்பீங்க.”

“உனக்குத் தனியாப் பெட்டி வாங்கணும். இதுல அடங்க மாட்ட.”

அலமாரியின் மூலைகளில் சின்ன வெள்ளைப் பொட்டலங்கள், ஷூ டப்பாவில் ஈரம் உறிஞ்சுவதற்காகப் போட்டு வருபவை. யார் புதுச் செருப்போடு வந்தாலும் அப்பாவின் கண் முதலில் காலுக்குத்தான் போகும். “புதுசா? நல்லா இருக்கே. பொட்டலத்த என்ன பண்ணீங்க?” குப்பிக்குள் அவற்றைப் போட மாட்டார், அலமாரிக்கு மட்டும்தான். குப்பிக்குள் மாத்திரையைத் தவிர எதுவும் இருக்கக்கூடாது என்பதும் சட்டம்.

ஒவ்வொரு குப்பியிலும் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு: மாத்திரையின் பெயர், எண்ணிக்கை, டப்பாவில் அச்சிட்டிருந்த தொகுப்பு எண், காலாவதித் தேதி. அதன் கீழே இரண்டு வரிகள். ‘வந்தது’ என்று ஒன்று, ‘போனது’ என்று ஒன்று. இந்த இரண்டு வரிகளும் குப்பிகளோடு நிற்கவில்லை. குடைக்கு உண்டு. கம்பளிக்கு உண்டு. நான் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் புறப்பட்டபோது என் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சீட்டை ரயிலில்தான் பார்த்தேன். ‘போனது’ என்ற இடத்தில் அன்றைய தேதி. ‘வந்தது’ காலியாக இருந்தது.

மாத்திரை கெடாமல் இருக்கிறதா என்று பார்க்க அவருக்கு ஒரு வழி இருந்தது. குப்பியைக் காதருகே பிடித்து, இடது கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு முறை குலுக்குவார். கலகலவென்றால் சரி. சத்தம் மந்தமாக இருந்தால் ஈரம் ஏறிவிட்டது. எனக்கு இது பொறுக்கவில்லை. ஆய்வகத்தில் நானே சரிபார்த்த ஈரப்பதமானி ஒன்றைக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தேன்.

“இது சரியாக் காட்டுதுன்னு எப்படித் தெரியும்?”

“எங்க லேப்ல இருக்கற பெரிய மீட்டரோட ஒப்பிட்டுப் பாத்தேன்பா.”

“அந்தப் பெரிய மீட்டர யார் பாத்தா?”

“அத வெளிய அனுப்புவோம். இன்னும் துல்லியமான ஒண்ணோட ஒப்பிடுவாங்க.”

“அத?”

எனக்குத் தெரிந்தவரை ஏறிக்கொண்டே போனேன். ஒரு கட்டத்தில் நின்றேன்.

“கடைசியில எவனோ ஒருத்தன நம்பித்தானே ஆகணும்?” என்றார் அப்பா. “அதுக்கு என் காதே போதும்.”

சோதனை வைத்தேன். பத்துக் குப்பிகள். சிலவற்றை ஒரு வாரம் குளியலறையில் திறந்து வைத்திருந்தேன். அவர் கண்ணைக் கட்டிவிட்டு ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். ஒன்பது சரி. பத்தாவதை அம்மா இடையில் மாற்றி வைத்துவிட்டாள் என்று கடைசிவரை வாதாடினார். அம்மா மாற்றித்தான் இருந்தாள். இப்போதுதான் ஒப்புக்கொண்டாள்.

டப்பா வாங்கும்போது, இருப்பதிலேயே தூரமான காலாவதித் தேதியைத் தேடிப் பிடிப்பார். “அதுவரைக்கும் நான் இருந்தே ஆகணும் பாரு. பாதியில விட்டுட்டுப் போனா மாத்திரை வீணாப் போயிடும்ல?” கடைசியாக வாங்கிய டப்பாவுக்கு இன்னும் இருபத்திரண்டு மாதம் இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த வியாழன் காலை குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள்.

இனி அந்த எட்டாவது குப்பி.

பெரிய டப்பாக்களுக்குக் குழந்தைகளால் திறக்க முடியாத மூடி உண்டு, அழுத்தித் திருப்ப வேண்டிய மூடி. அப்பா பிரித்துக் கொடுத்த சின்னக் குப்பிகளுக்குச் சாதாரணத் திருகுமூடி. ஆறு வருடம் அப்படித்தான் நடந்தது. வெளிச்சம், வெப்பம், ஈரம் மூன்றையும் யோசித்தவருக்கு நான்காவதாக ஒன்று இருப்பது தோன்றவில்லை. அவர் இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு, தையலக்காவுக்கு இரும்புச்சத்துக் குப்பியைக் கொடுக்கப் போனார். தையலக்காவின் பேத்தி, வயது ஒன்று, தையல் மேசையின் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கையை விட்டாள். நாலு எட்டு நடந்து நேரே அப்பாவிடம் வந்து குப்பிக்குக் கை நீட்டினாள்.

அன்று எனக்கு ஃபோன் செய்தார். நகைச்சுவை எதுவும் இல்லை.

“இரும்பு மாத்திரைய ஒரு சின்னக் குழந்த அள்ளி முழுங்கினா உயிரே போயிடும்மா. எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் சாதா மூடி போட்டுக் குடுத்திருக்கேன். கோடவுனுக்குள்ள குழந்தைங்க வர்றதில்ல. அதான் தோணவே இல்ல.”

உடனே எட்டு வீட்டுக் குப்பிகளையும் திரும்பக் கேட்டார். ஏழு வந்தன. தையலக்கா புது மூடியோடு கால்மணி நேரம் போராடினார். மூட்டுவாதத்தில் விரல்கள் இஞ்சிக் கிழங்கு போல வீங்கியவை. ஊசி பிடிக்க முடியும், அழுத்த முடியாது.

“சார், இதத் திறக்கறதுக்குள்ள எனக்கு இருக்கற கொஞ்ச ரத்தமும் போயிடும். பழசே இருக்கட்டும்.”

“வேற வழி பண்றேன். அதுவரைக்கும் உசரத்துல வைங்க. மேல் தட்டு. எட்டாத தட்டு.”

அந்த வேற வழி என்ன என்று எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வியாழன் போய் இரண்டு வாரம். அம்மா அலமாரி முன் நின்றாள். “ஒரு தட்டு மட்டும் காலி பண்ணிக் குடு. எல்லாம் வேணாம். மத்தது இருக்கட்டும்.” மேல் தட்டிலிருந்த குப்பிகளை எடுத்தேன். பின்னால் ஒரு மரக்கட்டை இருந்தது. உள்ளங்கை அளவு, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கியது. நடுவில் ஒரு வட்டக் குழி, குழியின் சுவரில் பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒட்டியிருந்தது. குப்பியை அதில் நிறுத்தினால் அசையாது. இரண்டு உள்ளங்கைகளாலும் உடம்பின் பாரத்தை மூடிமேல் சாய்த்துத் திருப்பலாம், விரல்கள் தேவையில்லை. நான்கு திருகாணிகள் சின்ன உறையில் போட்டுக் கட்டையோடு ஒட்டப்பட்டிருந்தன. பக்கத்தில் எட்டாவது புதுக் குப்பி. கட்டையில் சீட்டு: ‘தையலக்கா மேசை. வியாழன் மாட்டணும். பேத்தி நடக்கிறாள்.’ அதன் கீழே ‘போனது’. காலி.

ஆயிரம் மாத்திரைகளுக்கு நடுவே அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு நாட்களை எண்ணினேன். பதினான்கு. திருப்புளியை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினேன். லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை.

கதவு திறந்திருந்தது. தையலக்கா முன்னறையில் ஒரு பெண்மணிக்குத் தோள் அளவு எடுத்துக்கொண்டிருந்தார். பேத்தி தையல் மேசைக்கு அடியில், துணித் துண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். கையில் பழுப்புக் குப்பி. காதோரம் வைத்து, இடது கண்ணை மூடிக்கொண்டு குலுக்கினாள். கலகலவென்றது.

மண்டியிட்டு அதைப் பிடுங்கினேன். மூடி பாதி கழன்றிருந்தது. கத்த ஆரம்பித்தாள்.

தையலக்கா அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி ஓடிவந்தார். “ஐயோ, மேலதான் வெச்சிருந்தேன் கண்ணு. மாத்திரை போட எடுத்தேன், அதுக்குள்ள அவங்க அளவு குடுக்க வந்துட்டாங்க…” பேத்தியின் வாயைத் திறந்து பார்த்தார். “உங்கப்பா பண்றதப் பாத்துப் பாத்துக் கத்துக்கிச்சு. எதக் குடுத்தாலும் காதுல வெச்சுக் குலுக்கும்.”

மாத்திரைகளை எண்ணினேன். சீட்டில் அப்பா எழுதியிருந்த எண்ணிக்கையிலிருந்து, நாளுக்கு ஒன்று என்று போன நாட்களைக் கழித்தேன். சரியாக இருந்தது. இன்னொரு முறை எண்ணினேன்.

கட்டையை மேசையின் உள்விளிம்பில் வைத்து நான்கு திருகாணிகளையும் முடுக்கினேன். ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை. மாத்திரைகளைப் புதுக் குப்பிக்கு மாற்றிக் குழியில் நிறுத்தினேன்.

“அழுத்துங்க. அப்புறம் திருப்புங்க. ரெண்டையும் ஒண்ணாச் செய்யணும்க்கா.”

தையலக்கா இரண்டு உள்ளங்கைகளையும் மூடிமேல் வைத்துச் சாய்ந்தார். திறந்துகொண்டது. “அடேங்கப்பா,” என்றார். மூடினார். திறந்தார். மூன்றாம் முறை மூடியபோது அவர் கண்கள் நிறைந்திருந்தன. துணிக்குக் கோடு போடும் சாக்கட்டியை அவரிடம் வாங்கி, சீட்டில் ‘போனது’ என்ற இடத்தில் அன்றைய தேதியை எழுதினேன்.

பேத்தி இன்னும் தேம்பிக்கொண்டிருந்தாள். எந்த வேலையையும் சோதிக்காமல் விட்டுப் பழக்கமில்லை எனக்கு. மாத்திரைகளை ஒரு தட்டில் கொட்டி உயரத்தில் வைத்துவிட்டு, காலிக் குப்பியை மூடி அவளிடம் கொடுத்தேன். அழுகையை நிறுத்தினாள். குலுக்கினாள். ஒன்றும் கேட்கவில்லை. மூடியைப் பிடித்துத் திருப்பினாள். டிக் டிக் என்றது. அதைக் காதோரம் கொண்டுபோய், இடது கண்ணை மூடிக்கொண்டு, திருப்பிக்கொண்டே இருந்தாள்.