பஸ்ஸில் திறந்து வைத்த டிசைன்

உலோகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் குட்டிக் குட்டிப் படிகங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். அதைக் கணினியில் உருவாக்கிக் காட்ட ஒரு இலவச மென்பொருள் உண்டு. அதற்கு நான் அனுப்பிய திருத்தத்தை இன்று காலை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்!

சந்தோஷம் தாங்காமல் ஆம்பூர் பஸ்ஸிலேயே லேப்டாப்பைத் திறந்து அந்த மென்பொருளை ஓட்டிப் பார்த்தேன். திரை முழுக்கக் கலர் கலராகப் படிகங்கள்.

பக்கத்து சீட் அக்கா பட்டென்று மூடினார். கழுத்தில் ஷூ கம்பெனி அடையாள அட்டை.

"இன்னாம்மா, புது டிசைனை இப்டி தொறந்து வச்சிருக்கே? பின்னாடி வேற கம்பெனி ஆளுங்க. காப்பி அடிச்சிடுவாங்க!"

"ஷூ டிசைன் இல்லக்கா. இரும்புக்குள்ள இப்டித்தான் இருக்கும். இந்த சாஃப்ட்வேரை யார் வேணா எடுத்துக்கலாம், மாத்திக்கலாம். நானே கொஞ்சம் மாத்தியிருக்கேன். எம்பேரும் போட்டிருக்காங்க."

"பேரு போட்டாங்களா?"

அக்காவே லேப்டாப்பைத் திறந்து பின்சீட்டுப் பக்கம் திருப்பினார்.

"பாருங்க, நம்ம ஊர்ப் பொண்ணு பண்ணது!"

பின்சீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

கடையில் கலர் கலராகப் படிகம் போட்ட ஷூவைப் பார்த்தால் எனக்கும் ஒரு போட்டோ அனுப்புங்கள். சண்டைக்கு இல்லை, ஸ்டேட்டஸ் வைக்க.