அண்ணன் நடந்து காட்டிய வீடு

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களில் பாதிப் பேர் அவரைக் கேலி செய்தவர்கள். தங்கை நானும்தான். அதை மறைத்து எழுதினால் அவரே சிரிப்பார்.

அபிஷேகப்பாக்கத்தில் நெல்லும் கரும்பும் பயிரிட்ட குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் படிப்பை விட்டு, லாரி ஓட்டி, என்னையும் தம்பியையும் கரையேற்றினார். பாகூருக்குக் கிழக்கே எண்ணெய் இருக்கிறதென்று ஒரு கம்பெனி வந்து குழாய் இறக்கிய காலத்தில், அவர்களுக்குத் தண்ணீர் லாரி ஓட்டினார். கரும்பு வயல்கள் ஒரே வருடத்தில் மனைகளாயின. லாட்ஜ் வந்தது, பிரியாணிக் கடைகள் வந்தன. அண்ணனும் ஒரு மனை வாங்கினார். பிறகு கம்பெனி குழாயைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டுக் கிளம்பியது. லாட்ஜில் ஆடு கட்டினார்கள். மனைகள் கல்லும் முள்ளுமாகக் கிடந்தன.

வாங்கியவர்கள் பலர் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். அண்ணன் விற்கவில்லை. அதற்குத்தான் எல்லோரும் கேலி செய்தோம். ஒவ்வொரு காணும் பொங்கலுக்கும் கட்டுச்சோற்றோடு எங்களை அங்கே கூட்டிப் போவார். முள் வெட்டிய தரையில் சுண்ணாம்புப் பொடியால் அறைகள் போடுவார். கூடம், சமையலறை, நான் வந்தால் தங்க ஓர் அறை. கடல் காற்று வீசும். கூடத்தில் பாய் விரித்துச் சாப்பிடுவோம். அண்ணி சமையலறையில் பாத்திரம் கழுவுவார். அண்ணன் வைத்த வேப்பமரத்தின் நிழல் மெல்ல மெல்ல ஒவ்வோர் அறையாக நகர்ந்து போகும். கண்ணை மூடிப் படுத்தால் தலைக்கு மேல் கூரை இருப்பதாகவே தோன்றும். பிள்ளைகள் ஓடினால், “சுவத்து மேல ஏறாதடா, வாசல் வழியா வா” என்பார். அவர்களும் திரும்பிப் போய் வாசல் வழியாக வருவார்கள்.

சிறுநீரகம் பழுதாகிப் படுத்த பிறகு, ஓர் அறையாவது கட்டி அதில் படுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். சர்வேயர் வந்து அளந்தார். இத்தனை காலம் நாங்கள் உட்கார்ந்து சாப்பிட்டது பக்கத்து மனையாம். வரிசையின் முதல் எல்லைக் கல்லை யாரோ துணி துவைக்கத் தூக்கிப் போயிருக்க, அண்ணன் இரண்டாவது கல்லை முதலாக எண்ணியிருக்கிறார். அவருடைய சொந்த மனையில் ஆள் உயரத்துக்கு முள் மண்டியிருந்தது. “அப்ப இது இன்னொருத்தர் வூடு” என்று சொல்லி, சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி வெளியே வந்து நின்றார். அன்று நான் அழுதேன்.

உரிமையாளர் மணப்பட்டில் மீன் விற்கும் ஓர் அம்மா. சேதி கேட்டு வந்தவர், “எங்க, வூட்ட காட்டுங்கண்ணா” என்றார். அண்ணன் என் தோளைப் பிடித்தபடி அறை அறையாக நடந்து காட்டினார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அந்த அம்மா, “எனக்கு எந்த மனையா இருந்தா இன்னா? மாத்தி எழுதிக்கலாம்” என்றார். பத்திரம் பதிய நாள் குறித்தோம். அதற்கு மூன்று நாள் முன்பு அண்ணன் போய்விட்டார்.

பேச்சு அதோடு போயிற்று என்றுதான் நினைத்தோம். ஆனால் கருமாதியன்று அந்த அம்மா வந்து அண்ணியிடம், “வாரிசு சர்டிபிகேட் வந்ததும் சொல்லி அனுப்பும்மா. வந்து கையெழுத்து போட்றேன்” என்றார். சொன்னபடியே போட்டும் கொடுத்தார். இப்போது அங்கே ஓர் அறை எழும்பிவிட்டது.

அண்ணனின் கடைசி மாதங்களில் டயாலிசிஸுக்கு அழைத்துப் போய் வந்த ஆட்டோக்காரத் தம்பிக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், பதினாறு நாளும் வீட்டோடு இருந்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அந்த அம்மாவுக்கு நன்றி சொல்ல நானும் அண்ணியும் மணப்பட்டுக்கே போனோம். அவர் எங்களைச் சொல்ல விடவில்லை.

“இத்தினி வருசம் என் மனையில முள்ளு மொளைக்காம பாத்துக்கினது அவரு. நான்தான்மா நன்றி சொல்லியிருக்கணும். அவரு உயிரோட இருக்கும்போதே சொல்லியிருக்கணும்.”